முகநூல் நம் இணைய நடவடிக்கையைக் கண்காணிப்பதை நிறுத்த

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு, 'என் தரவைத் தொடாதே' என்று கலிபோர்னியாவின் தனியுரிமைச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. அது அந்த மாநிலவாசிகளுக்கு. நமக்கு உள்ளது 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 709.

முதலில் கைப்பேசி. முகநூல் அமைப்புகளில் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' போய், மெட்டாவுக்கு (முகநூலின் தாய் நிறுவனம்) வெளியே நடக்கும் உங்கள் நடவடிக்கைப் பகுதியைத் திறங்கள். பலர் பழைய நடவடிக்கைப் பதிவை மட்டும் அழித்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். புதியது மறுபடி சேரும். வருங்காலத் தொடர்பையும் துண்டிக்க வேண்டும். துண்டித்தால் முகநூல் கணக்கால் நுழைந்த செயலிகள் உங்களை வெளியே தள்ளிவிடலாம், தனிக் கடவுச்சொல்லை முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரக் குறுஞ்செய்தி ஓயாத கடைக்கு, "சட்டம் 709, பிரிவு 43இன்படி என் எண்ணுக்கு விளம்பரம் அனுப்புவதை நிறுத்தவும்" என்று தேதியிட்டு எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் போதாது. உங்களைப் பற்றி என்ன விவரம் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க அதே சட்டத்தின் பிரிவு 30: சாதாரண விவரத்தின் நகலுக்கு அதிகபட்சம் 10 ரிங்கிட், பதிலுக்கு 21 நாள். அரசாங்கத்தை இந்தச் சட்டம் தொடாது, அதுதான் எரிச்சல்.