ஸ்கோப்புக்குள் ஒரு ஸ்கேல்: ரெட்டிக்கிளைப் படிக்கப் பழகுவோம்

துப்பாக்கிக்கு ஸ்கோப் (மேலே பொருத்தும் தொலைநோக்கி) வாங்கிய புதிதில் நடுவில் இருக்கும் கூட்டல் குறியை இலக்கின் மேல் வைத்துச் சுடுவேன், அவ்வளவுதான். சுற்றியிருக்கும் கோடுகளையும் புள்ளிகளையும் ஏதோ அலங்காரம் என்று விட்டுவிட்டேன். 100 மீட்டர் வரை அப்படியே ஓட்டிவிடலாம். 300 மீட்டரைத் தாண்டினால் அந்தக் கோடுகள் இல்லாமல் ஆகாது. ரெட்டிக்கிள் என்பது கண்ணாடிக்குள் வைத்த ஒரு ஸ்கேல். அதில் அளக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உரிமம் உள்ள துப்பாக்கியோடு, ரேஞ்ச் (சுடும் மைதானம்) அதிகாரி நிற்கும் இடத்தில் பழகுகிறவர்களுக்காக எழுதுகிறேன். சுடத் தேவையில்லாத வேலைகளை போல்ட்டை (தோட்டா அறையை மூடும் பாகம்) திறந்து, தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

முதல் படி: கண்ணுக்கு ஏற்றபடி

ஸ்கோப்பை வெறும் வானத்தை நோக்கித் திருப்புங்கள் (சூரியன் பக்கம் வேண்டாம்). கண்ணருகே இருக்கும் வளையத்தைத் திருப்பி, கோடுகள் பளிச்சென்று தெரியும்படி வையுங்கள். இரண்டு நொடி பார்த்ததும் கண்ணை எடுத்துவிட வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் மங்கலான கோட்டையும் கண் தானே சரிசெய்துகொண்டு உங்களை ஏமாற்றிவிடும்.

இரண்டாம் படி: அலகு

உங்கள் ரெட்டிக்கிள் மில்லா, எம்.ஓ.ஏ.வா என்று கையேட்டில் பாருங்கள். இரண்டும் கோணத்தை அளக்கும் அலகுகள். ஒரு மில் என்றால் தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 10 செ.மீ., 500 மீட்டரில் 50 செ.மீ. ஒரு எம்.ஓ.ஏ. 100 மீட்டரில் ஏறத்தாழ 2.9 செ.மீ. மீட்டரில் பழகியவர்களுக்கு மில்தான் வசதி என்பது என் கட்சி. ஆனால் ரெட்டிக்கிள் மில்லிலும் டரெட் (குண்டு படும் இடத்தை நகர்த்தும் குமிழ்) எம்.ஓ.ஏ.விலும் இருக்கும் ஸ்கோப்பை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒரு மில் என்பது 3.44 எம்.ஓ.ஏ., ஒவ்வொரு குண்டுக்கும் அதால் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஜூமும் கோடுகளும்

நான் சறுக்கிய இடம் இது. சில ஸ்கோப்புகளில் ஜூம் செய்தால் இலக்கோடு சேர்ந்து ரெட்டிக்கிளும் பெரிதாகும். இவை ஃபர்ஸ்ட் ஃபோக்கல் பிளேன். எந்த ஜூமிலும் ஒரு மில் ஒரு மில்தான். செகண்ட் ஃபோக்கல் பிளேனில் இலக்கு மட்டும் பெரிதாகும், கோடுகள் அப்படியே நிற்கும். கையேட்டில் சொன்ன ஒரே ஒரு ஜூமில்தான் அளவு சரி. என்னுடையது 20 மடங்கில் சரியாக இருக்கும். ஒரு நாள் 10-இல் வைத்துவிட்டு மறந்துபோய், 300 மீட்டர் இலக்கின் மேல், நடுவுக்குக் கீழே 1.6 மில் வரும் இடத்தை வைத்துப் பிடித்தேன் (ஏன் என்று ஐந்தாம் படியில் வரும்). பாதி ஜூமில் ஒவ்வொரு கோடும் இரண்டு மடங்கு அல்லவா? பிடித்தது 3.2 மில். ஐந்து குண்டும் இலக்குக்கு அரை மீட்டர் மேலே பறந்து மண்மேட்டில் புழுதி கிளப்பின. அன்று ஸ்கோப் மவுண்ட்டைத்தான் திட்டினேன், பாவம்.

நான்காம் படி: பேரலாக்ஸ், பிறகு ஜீரோ

தலையை லேசாக மேலும் கீழும் அசையுங்கள். இலக்கின் மேல் கூட்டல் குறி மிதந்தால், பக்கவாட்டுக் குமிழைத் திருப்பி அதை நிறுத்துங்கள். அந்த மிதப்புதான் பேரலாக்ஸ். அப்புறம் ஜீரோ, அதாவது கூட்டல் குறி நிற்கும் இடத்திலேயே குண்டு படும்படி செய்வது. 100 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டு, ஓட்டைகளின் நடுப்புள்ளி எங்கே என்று ரெட்டிக்கிளாலேயே அளவெடுங்கள். 0.4 மில் கீழே, 0.2 மில் இடப்பக்கம் என்றால், டரெட்டை மேலே 4 கிளிக், வலமாக 2 கிளிக். ஒரு கிளிக் 0.1 மில். சென்டிமீட்டர் கணக்கே தேவையில்லை.

ஐந்தாம் படி: தூரத்துக்குப் பிடிப்பது

தூரம் கூடக் கூடக் குண்டு கீழே இறங்கும், அந்த அளவுக்கு மேலே பிடிக்க வேண்டும். .308 துப்பாக்கியில் நொடிக்கு 2,600 அடி வேகத்தில் போகும் 175 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டுக்கு, 100 மீட்டர் ஜீரோவிலிருந்து 300 மீட்டரில் சுமார் 1.6 மில், 400-இல் 2.7, 500-இல் 3.8 தேவைப்படும். உங்கள் துப்பாக்கியில் இது மாறும். சுட்டுப் பார்த்து எழுதி, துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

500 மீட்டருக்கு, நடுவிலிருந்து கீழே எண்ணி 3.8 வரும் இடத்தை இலக்கின் மேல் வையுங்கள். கீழ்க்கோட்டை வைத்தால்தான் குழல் மேலே தூக்கும். புதியவர்கள் தலைகீழாகச் செய்வது இதைத்தான். துப்பாக்கி சாயாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். 3.8 மில் பிடிக்கும்போது 5 டிகிரி சாய்ந்தாலே குண்டு 16 செ.மீ. பக்கவாட்டில் போய்விடும்.

காற்றுக்கு டரெட்டைத் தொடாமல் ரெட்டிக்கிளில் பிடிப்பதே நல்லது, அது நிமிடத்துக்கு நிமிடம் மாறும். இடமிருந்து அடிக்கும் காற்று குண்டை வலப்பக்கம் தள்ளும். எனவே வலப்பக்கக் கோடு இலக்கின் மேல் வர வேண்டும். மேலே சொன்ன குண்டுக்கு, மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்றில் 500 மீட்டரில் ஏறத்தாழ 1.2 மில்.

எந்த ரெட்டிக்கிள் வாங்குவது?

மரம்போல் கீழே விரிந்து புள்ளிகள் நிறைந்தவை கடையில் பார்க்க ஜோராக இருக்கும். தூரம் மாறிக்கொண்டே இருக்கும் போட்டிகளுக்கு அவை உதவும். ஆனால் இங்கிலாந்தின் பிஸ்லி போன்ற ரேஞ்சுகளில் தூரம் முன்கூட்டியே தெரியும். அங்கே ஸ்டிக்கிள்டவுனில் 1,200 கெஜம் வரை சுடலாம். ஸ்கோப் வைத்துச் சுடும் எஃப் கிளாஸ் போட்டியில் (கனடாவின் ஜார்ஜ் ஃபார்குஹார்சன் பெயரின் முதலெழுத்து அது) அமெரிக்க இலக்கின் 10 புள்ளி வட்டம் 1,000 கெஜத்தில் 10 அங்குலம்தான், அதாவது 0.28 மில். தடித்த கோடு அதை மறைத்துவிடும். மெல்லிய கோடும் நடுவில் சிறு புள்ளியும் இருந்தால் போதும்.

ஆறாம் படி: தவறியதை அளப்பது

எனக்கு மிகவும் பிடித்த வித்தை இது. சுட்டதும் கண்ணை எடுக்காதீர்கள். கூட்டல் குறியை இலக்கிலேயே வைத்துக்கொண்டு, புழுதி எழுந்த இடம் ரெட்டிக்கிளில் எந்தக் கோட்டில் படுகிறது என்று பாருங்கள். வலப்பக்கம் 0.5, கீழே 0.3 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த குண்டுக்கு அதே இடத்தை, அதாவது வலப்பக்கம் 0.5-உம் கீழே 0.3-உம் சேரும் புள்ளியை, இலக்கின் மேல் வைத்துச் சுடுங்கள். காற்று அதற்குள் மாறவில்லை என்றால் இரும்புத் தகட்டில் ‘டங்’ என்று கேட்கும்.