ஒன்றின்மேல் இரண்டு: 304 பழகிய கை பிரிட்ஜில் விடும் பிழைகள்

வன்னியில் சீட்டுக்கட்டை எடுத்தால் 304 தான் ஆடுவார்கள். கிளிநொச்சி கனகபுரத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் கூடும் நாங்கள் நால்வரும் அப்படி வளர்ந்தவர்களே. ஜாக் 30, ஒன்பது 20 என்று எண்ணிப் பழகிய எங்களுக்கு, ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1 என்ற பிரிட்ஜ் கணக்குப் பிடிபடவே சில கிழமைகள் எடுத்தன. அதன் பிறகு ‘ஒன்றின்மேல் இரண்டு’ என்ற கேள்வி முறையை, அதாவது எத்தனை பிடி எடுப்போம் என்று சோடிகள் ஏலம் கேட்கும் ஓர் ஒழுங்கை, பழகத் தொடங்கியபோதுதான், பழைய ஆட்டத்தின் பழக்கங்கள் எங்களை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்கின்றன என்பது விளங்கியது.

இம்முறையின் அடிப்படை ஒரே விதிதான். சோடியில் ஒருவர் ஓர் இனத்தை ஒன்றில் (ஆறுக்கு மேல் ஒன்று, அதாவது ஏழு பிடி) கேட்டுத் தொடங்க, மற்றவர் தாண்டிக் குதிக்காமல் புதிய இனமொன்றை இரண்டில் சொன்னால், கேம் எட்டும்வரை இருவரில் எவரும் பாஸ் சொல்லக்கூடாது. கேம் என்பது ஊக்கப் புள்ளி கிடைக்கும் அளவு; அது நோட்ரம்பில் (துரும்பு இனமே இல்லாத ஆட்டத்தில்) 3, ஸ்பேட் அல்லது ஆட்டினில் 4, டைமன் அல்லது கிளாவரில் 5 ஆகும். ஒரு ஸ்பேட்டின்மேல் 2 கிளாவர், 2 டைமன், 2 ஆட்டின். ஒரு ஆட்டினின்மேல் 2 கிளாவர், 2 டைமன். ஒரு டைமனின்மேல் 2 கிளாவர் என்று இத்தகைய பதில்கள் ஆறே ஆறுதான் உள்ளன. ஒரு ஆட்டினுக்கு 2 ஸ்பேட் என்பது, ஒரு ஸ்பேட் சொல்ல இடமிருக்க அதைத் தாண்டும் குதிப்பு என்பதால் இந்த ஆறில் சேராது.

முதலில் எல்லோரும் விடுகிற பிழை, 10 அல்லது 11 புள்ளியுடன் இந்தப் பதிலைச் சொல்லிவிடுவது. பழைய முறைகளில் அது போதுமானதாக இருந்தது. இங்கே சோடி 12 புள்ளியுடனும் தொடங்கியிருக்கலாம் என்பதால், கேமுக்கு வேண்டிய ஏறத்தாழ 25 புள்ளியை எட்ட நம்மிடமும் நல்ல 12, அல்லது 13 இருக்க வேண்டும். சோடி ஸ்பேட்டிலோ ஆட்டினிலோ தொடங்கியிருக்க, நம்மிடம் அந்த அளவு இல்லையென்றால் ஒரு நோட்ரம்ப் சொல்வதே வழி; அதைக் கேட்ட சோடி ஒரு சுற்றுக்குப் பாஸ் சொல்வதில்லை. அது நோட்ரம்ப் ஆட விரும்பிச் சொல்வதன்று, ‘என் கையைப் பிறகு சொல்கிறேன்’ என்று பொழுது கேட்பது மட்டுமே. ஸ்பேட்டில் ஐந்து சீட்டும் ஏனையவற்றில் 3-3-2 என்றும் கை சமமாக இருந்தால், தொடங்கியவர் அந்த ஒரு நோட்ரம்புக்குப் பாஸ் சொல்ல ஆசைப்படுவார். ஆனால், மூன்று சீட்டே உள்ள கிளாவரையோ டைமனையோ அவர் சொல்லியே ஆக வேண்டும். எங்களில் ஒருவருக்கு இது இன்றும் மனதுக்கு ஒவ்வாத பொய்யாகவே படுகிறது.

இவற்றைவிடப் பெரிய பிழை 304இலிருந்து நேரே வருகிறது. 304இல் பலமுள்ளவர் கேள்வியை உயர்த்துவார். உயர்த்துவதே பலத்தின் அடையாளம். என் சோடியான ஓய்வுபெற்ற மாஸ்டரிடம் ஒருநாள் ஸ்பேட் ஏஸ், ராஜா, ஜாக், 8, 5, 2. ஆட்டின் ராஜா, 6. டைமன் ஏஸ், 7, 5. கிளாவர் ஜாக், 4 என்று 16 புள்ளி இருந்தது. அவர் ஒரு ஸ்பேட்டில் தொடங்கினார். என் கையில் ஸ்பேட் ராணி, 3. ஆட்டின் ஏஸ், 9, 5. டைமன் ராஜா, 8, 4. கிளாவர் ராஜா, ராணி, 10, 6, 2 என்று 14 புள்ளி இருக்க, நான் 2 கிளாவர் சொன்னேன். அவர் பாய்ந்து 4 ஸ்பேட் கேட்டார். இம்முறையில் கேமுக்கு விரைந்து போவது ‘என்னிடம் இதற்குமேல் எதுவுமில்லை’ என்று பொருள்படும் என்பதால் நான் பாஸ் சொன்னேன். கிளாவர் ஏஸைத் தவிர எதிரிகளுக்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை. 6 ஸ்பேட், அதாவது 12 பிடி, கேட்டு ஆட்டக் கணக்கில் 980 எடுத்திருக்க வேண்டிய கையில் 480 மட்டுமே எங்களுக்குக் கிடைத்தது.

“கேள்வியை உயர்த்தினால்தானே தம்பி, என்ரை கையின்ரை பலம் உனக்குத் தெரியும்?” என்று அவர் கேட்டார். அவர் சொல்லியிருக்க வேண்டியது வெறும் 2 ஸ்பேட். நான் 2 கிளாவர் சொன்ன கணமே கேம் உறுதியாகிவிட்டதால், அதற்குக் கீழே நிற்கும் ஆபத்து அவருக்கு இல்லை. அவர் 2 ஸ்பேட், நான் 2 நோட்ரம்ப், பிறகு அவர் 3 ஸ்பேட் என்று போயிருந்தால், அவரிடம் ஆறு ஸ்பேட் இருப்பது எனக்குத் தெரிந்திருக்கும். நான் 4 ஆட்டின் சொல்லி அந்த ஏஸைக் காட்டவும், அவர் 4 நோட்ரம்பில் ஏஸ் கணக்கை விசாரிக்கவும் இடம் இருந்திருக்கும். தாழ்வான கேள்வியில்தான் பேச இடமுண்டு என்பதை 304 ஆடி வந்தவருக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். துரும்பைக் கவிழ்த்து மறைத்து வைக்கும் ஆட்டத்தில் வளர்ந்தவர், ஒவ்வொரு கேள்வியின் பொருளையும் எதிரி கேட்டால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஆட்டத்துக்கு வந்திருக்கிறார் அல்லவா.

இதற்கு எதிர்மாறான பிழையும் உண்டு. 2 கிளாவர் சொல்லிவிட்டு, சோடியின் 2 ஸ்பேட் பிடிக்காததால் பாஸ் சொல்பவரும் இருக்கிறார். அப்படி ஒருமுறை நடந்தால், அதன்பின் சோடி எந்தக் கையிலும் நம்பிக்கையுடன் மெல்லப் போகமாட்டார்; மறுபடி பாயத் தொடங்கிவிடுவார்.

விதி எப்போது செல்லாது என்பதையும் மறந்துவிடுகிறோம். முதலில் பாஸ் சொன்னவர் பிறகு இரண்டில் பதில் சொன்னாலோ, எதிரி இடையில் புகுந்து கேட்டாலோ டபிள் சொன்னாலோ, இரண்டில் வரும் பதிலுக்குக் கேம்வரை கட்டாயமில்லை. இவற்றைச் சிறுவர் கொப்பி ஒன்றின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். ஒரு டைமனின்மேல் 2 கிளாவர் கேம்வரை கட்டாயமா என்பதில் சோடிக்குச் சோடி வழக்கம் வேறுபடும் என்பதால், ஆடத் தொடங்குமுன் அதையும் பேசி முடிக்க வேண்டும். மாஸ்டரும் நானும் கட்டாயம் என்று முடிவெடுத்துவிட்டோம். எதிரே இருக்கும் இருவரும் இன்னும் முடிவெடுக்காததால், கொப்பியில் அவர்களுடைய வரி வெறுமையாகவே கிடக்கிறது.