அப்கிரேடு நடுவே ‘டெம்ப் டைரக்டரி பாதுகாப்பில்லை’ என்று வந்தால்

டெபியன், உபுண்டு குடும்பத்து லினக்ஸ் கணினியில், மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘ஆப்ட் அப்டேட்’ கட்டளை ஓடுகிறது. தற்காலிக ஃபைலை, அதற்கென்றே உள்ள பொது டைரக்டரியான /டிஎம்பி-யில் உருவாக்க முடியவில்லை என்று ஒரு வரி வருகிறது. அதன் பின்னாலேயே, களஞ்சியத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று ஐந்தாறு வரி. கடைசி வரியைத்தான் எல்லோரும் படிப்பார்கள். படித்துவிட்டு, கையொப்பத்தைச் சோதிக்கும் சாவி காலாவதியாகிவிட்டது என்று நினைத்து, புதுச் சாவி இறக்கப் போவார்கள். சாவியில் கோளாறே இல்லை. டெபியன் 9 முதல் ஆப்ட் தன் இறக்கும் வேலையையும் சரிபார்க்கும் வேலையையும் ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகியாகச் செய்யாமல், அதிகாரமில்லாத தனிப் பயனராகச் செய்கிறது. அந்தப் பயனரால் /டிஎம்பி-யில் எழுத முடியவில்லை. அதனால் கையொப்பத்தைப் பார்க்கவும் முடியவில்லை. சங்கதி அவ்வளவுதான். ஆகவே முதல் வரியைப் படியுங்கள்.

ரூபி மொழியில் எழுதிய மென்பொருள் இன்னும் வெளிப்படையாகச் சொல்லும்: ‘இந்த டைரக்டரியில் எல்லோரும் எழுதலாம்’. சொல்லிவிட்டு, ஸ்டிக்கி பிட் (அது என்ன என்று கீழே) இல்லாத அந்த டைரக்டரியைத் தவிர்த்துவிடும். மாற்று இடம் எதுவும் கிடைக்காவிட்டால் தற்காலிக டைரக்டரியே இல்லை என்று நின்றுவிடும்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தாகத் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது:

ஸ்டாட் /டிஎம்பி/

கடைசிச் சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள். மேக் கணினியில் /டிஎம்பி என்பது வேறோர் இடத்துக்கான இணைப்பு மட்டுமே. கோடு இல்லாவிட்டால் இணைப்பின் அனுமதியைக் காட்டி ஏமாற்றும். லினக்ஸில் ‘ஆக்சஸ்’ என்ற வரியில் அனுமதி எண் 1777 என்றும், உரிமையாளர் எண் 0, அதாவது ரூட் என்றும் இருக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் ஸ்டாட்டுக்கு -எக்ஸ் சேர்த்தால் இதே வடிவில் காட்டும். அங்கே குழுவின் பெயர் வீல். /வார்/டிஎம்பி-யையும் இதே போலப் பாருங்கள், அதற்கும் 1777 தான்.

வருகிற எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. 755 என்றால் யாரோ அந்த டைரக்டரியை அழித்துவிட்டு ரூட்டாகத் திரும்ப உருவாக்கியிருக்கிறார்கள், அல்லது வேறெதிலிருந்தோ அனுமதி வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. 777 என்றால் யாரோ ‘சரிசெய்திருக்கிறார்கள்’. உரிமையாளர் எண் 1000 என்று இருந்தால் கிட்டத்தட்ட நிச்சயமாக, பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் டார் ஃபைலின் வேலை. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

777-க்கும் 1777-க்கும் முன்னால் நிற்கிற ஒன்றுதான் வித்தியாசம். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெல்லைக் கொண்டுவந்து கொட்ட யாருக்கும் தடையில்லை. ஆனால் மூட்டை பிடிக்க அவரவர் அம்பாரத்தில்தான் கை வைக்க முடியும். ஸ்டிக்கி பிட் என்கிற அந்த ஒன்று இதைத்தான் செய்கிறது: ஃபைலை உருவாக்க எல்லோருக்கும் அனுமதி; அழிக்கவோ பெயர் மாற்றவோ அந்த ஃபைலின் சொந்தக்காரருக்கும், டைரக்டரியின் சொந்தக்காரருக்கும், ரூட்டுக்கும் மட்டும். அந்த ஒன்று இல்லாவிட்டால், ரூட்டாக ஓடும் அப்கிரேடு ஸ்கிரிப்ட் வைத்த தற்காலிக ஃபைலைச் சாதாரணப் பயனர் தூக்கிவிட்டு, அதே பெயரில் கடவுச்சொல் ஃபைலுக்கு ஓர் இணைப்பை வைக்கலாம். ஸ்கிரிப்ட் அடுத்து எழுதுவது அங்கே போய் விழும்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட இணைப்புத் தந்திரத்தைத் தடுக்க 2012-இல் லினக்ஸ் 3.6-இல், கர்னல் என்கிற அதன் மையப் பகுதிக்குள்ளேயே ஒரு காவல் வந்தது. பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் அது இயங்குகிறது. ஆனால் எல்லோரும் எழுதக்கூடியதாகவும் ஸ்டிக்கியாகவும் இருக்கிற டைரக்டரிக்குள் மட்டுமே அந்தக் காவல் செல்லும். ஸ்டிக்கி போனால் அதுவும் சேர்ந்து போகிறது. 777 போடுவது ஒரு பூட்டை அல்ல, இரண்டு பூட்டைத் திறப்பது.

சரிசெய்ய, ரூட்டாக இரண்டு வரி:

சிஎச்ஓன் ரூட்:ரூட் /டிஎம்பி/
சிஎச்மோட் 1777 /டிஎம்பி/

பிஎஸ்டியிலும் மேக்கிலும் இரண்டாவது ரூட்டுக்குப் பதில் வீல். எந்தக் காரணத்துக்காகவும் இதில் பெரிய எழுத்து ஆர் விருப்பத்தைச் சேர்க்காதீர்கள். உள்ளே இருக்கிற டைரக்டரிகளில் பல, வேண்டுமென்றே 700-ஆக இருப்பவை: எஸ்எஸ்எச் ஏஜென்ட்டின் சாக்கெட், சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி சில சேவைகளுக்கு ஒதுக்கும் தனி இடம், டெர்மினல் அமர்வுகளைக் காத்துவைக்கும் டிமக்ஸின் டைரக்டரி. எல்லாவற்றையும் 1777 ஆக்கினால் டிமக்ஸ் ‘அனுமதி பாதுகாப்பாக இல்லை’ என்று சொல்லி, ஓடிக்கொண்டிருக்கும் அமர்வில் சேர மறுக்கும். அப்கிரேடையே டிமக்ஸுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றால் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

கணினி பல நாள் 777-லேயே கிடந்திருந்தால், அப்கிரேடைத் தொடருமுன் ஃபைண்ட் கட்டளையால் உள்ளே இருக்கிற இணைப்புகளைப் பாருங்கள்:

ஃபைண்ட் /டிஎம்பி/ -எக்ஸ்டெவ் -டைப் எல் -எல்எஸ்

அமைப்பு ஃபைல்கள் இருக்கும் /ஈடிசி பக்கமாகக் கைகாட்டும் இணைப்பு ஏதாவது இருந்தால், யார் வைத்தது என்று தெரியாமல் மேலே போகாதீர்கள்.

இரண்டு வரியில் எச்சரிக்கை போய்விடும். திரும்ப வராமல் இருப்பதுதான் முக்கியம். திருவாரூரில் ஒரு கல்லூரி ஆய்வகம், முப்பது கணினி, எல்லாவற்றிலும் ஒரே கோளாறு என்றால் தற்செயல் அல்ல. எல்லாவற்றிலும் ஓடுகிற ஏதோ ஒரு ஸ்கிரிப்ட்தான் காரணம். சிஸ்டம்டி உள்ள கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் டெம்ப்ஃபைல்ஸ் என்ற சேவை /டிஎம்பி-யை 1777-க்குத் திருப்பிவிடும். ஆகவே ரீபூட் செய்தால் சரியாகி, ஓரிரு நாளில் மறுபடி கெடுகிறது என்றால், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒன்று மாற்றுகிறது. குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளைத் தேடுங்கள். சிஸ்டம்டி இல்லாத கணினியில் மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டாப் ஃபைலைத் திறந்து, /டிஎம்பி-க்கான டெம்ப்எஃப்எஸ் வரியில் மோடு=1777 என்று இருக்கிறதா பாருங்கள். அங்கே 0777 என்று இருந்தால் ஒவ்வொரு பூட்டிலும் தவறாகத்தான் வரும்.

இதில் மிகச் சாதாரணமான குற்றவாளி டார். பேக்கப்பை ரூட்டாக நேரே /டிஎம்பி-க்குள் பிரிப்பார்கள். அந்த டாரின் முதல் உருப்படி ஒற்றைப் புள்ளி, அதாவது ‘இந்த டைரக்டரி’ என்று இருந்தால், டார் அந்தப் புள்ளியின் உரிமையாளரையும் அனுமதியையும் /டிஎம்பி-யின் மேலேயே போட்டுவிடும். ஜிஎன்யூ டாரின் இயல்பே அது. நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க்கை -ஏ விருப்பத்தோடு, மூலப் பெயரின் கடைசியில் சாய்கோடு போட்டு /டிஎம்பி-க்கு ஓட்டினாலும் இதே கதி. வழி எளிது: ‘எம்கேடெம்ப் -டி’ கொடுத்தால் 700 அனுமதியுடன் புதுப் பெயரில் ஒரு டைரக்டரி கிடைக்கும், அதற்குள் பிரியுங்கள்.

ஆள் அகப்படவில்லையென்றால் ஆடிட் சேவையிடம் விடலாம்:

ஆடிட்சிடிஎல் -டபிள்யூ /டிஎம்பி -பி ஏ -கே டெம்ப்காவல்

பிறகு ‘ஏயூசர்ச் -கே டெம்ப்காவல்’ என்றால் அனுமதியை மாற்றிய நிரலின் பெயர் வரும். ஸ்டாட் காட்டும் ‘சேஞ்ச்’ நேரத்தை வைத்துத் துப்புத் துலக்க வேண்டாம். உள்ளே ஒரு ஃபைல் உருவானாலே அந்த நேரம் மாறிவிடும்.

1777 சரியாகவே இருந்து, எச்சரிக்கை மட்டும் வருகிறதா? மேலே ஏறிப் பாருங்கள். ‘பாதுகாப்பற்ற பாதை மாற்றம்’ என்ற பொருளில் சிஸ்டம்டி டெம்ப்ஃபைல்ஸ் புலம்பினால், குற்றம் பெரும்பாலும் / என்ற வேர் டைரக்டரியிலோ /வார்-இலோ இருக்கும்; அதன் உரிமையாளர் ரூட்டாக இல்லாமல் யாரோ ஒரு பயனராக இருப்பார். இதுவும் டாரை வேரில் பிரித்ததால் வருவதே. ‘நேம்ஐ -எல் /வார்/டிஎம்பி’ பாதையின் ஒவ்வொரு படிக்கும் உரிமையாளரை வரிசையாகக் காட்டும். தவறான படியை மட்டும் ரூட்டுக்கு மாற்றி, 755 கொடுங்கள்.

நிறுவும்போது அமைப்புக் கேள்விகளைக் கேட்கும் டெப்கான்ஃப் ஒரு ஃபைலை இயக்க முடியவில்லை, ‘அனுமதி மறுப்பு’ என்றால் /டிஎம்பி நோஎக்ஸெக் என்று, அதாவது உள்ளே எதையும் இயக்க விடாதபடி மவுண்ட் ஆகியிருக்கிறது. ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,எக்ஸெக் /டிஎம்பி’ கொடுத்து அப்கிரேடை முடித்து, அதே வரியில் நோஎக்ஸெக் போட்டு மூடுங்கள். மூட மறப்பவர்களே அதிகம்.

ரூட்டுக்கே ‘அனுமதி மறுப்பு’ வருவது இன்னும் குழப்பும். 2018-இல் வந்த லினக்ஸ் 4.19 முதல், ஸ்டிக்கி டைரக்டரியில் இன்னொருவருக்குச் சொந்தமான ஃபைலை, ‘இல்லையென்றால் உருவாக்கு’ என்ற முறையில் திறந்து எழுத ரூட்டையும் கர்னல் தடுக்கக்கூடும். அந்த அமைப்பை அணைக்கச் சொல்லி ஆலோசனை கிடைக்கும், கேட்க வேண்டாம். பழைய ஃபைலை அழித்தால் போதும்.

தற்காலிக ஃபைல்கள் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டிஎம்பிடிஐஆர் என்ற மாறியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ‘எஸ்யூ’ கொடுத்து ரூட்டானால், பழைய பயனரின் மாறி கூடவே வந்து, ரூட்டின் தற்காலிக ஃபைல்கள் அவருடைய டைரக்டரியில் போய் விழலாம். ‘அன்செட்’ செய்துவிட்டு அப்கிரேடைத் தொடங்குங்கள்.

பாதியில் நின்ற அப்கிரேடை ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, அதன்பின் ‘ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்’ என்ற வரிசையில் எடுத்து நிறுத்தலாம். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் பேட்டரி அரை மணி நேரமாவது தாங்குமா என்று பார்த்துவிட்டுப் பெரிய அப்கிரேடில் கை வையுங்கள்.

முடிந்ததும் ஒரு சோதனை. ‘சூடோ -யூ நோபடி எம்கேடெம்ப் /டிஎம்பி/சோதனை.’ என்று தட்டி, கடைசியில் பெரிய எழுத்து எக்ஸ் ஆறு சேருங்கள். புது ஃபைலின் பெயர் வர வேண்டும். அதே ஃபைலை உங்கள் சாதாரணக் கணக்கிலிருந்து ‘ஆர்எம் -எஃப்’ கொடுத்து அழித்துப் பாருங்கள், மறுக்க வேண்டும். மறுத்தால் ரூட்டாக அழித்துவிடுங்கள்.