பல வருடப் படங்களை இருபது நிமிடத்தில் காட்டுவது எப்படி?

ஒரே விஷயத்தை வருடக்கணக்கில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிகிறது. யாரோ கூப்பிட்டு, "வந்து இருபது நிமிடம் படங்களைக் காட்டிப் பேசுங்களேன்" என்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்த பிறகுதான் வயிற்றைக் கலக்கும். முதல்முறை அப்படிப் பேசப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் முதல் பேச்சு படுசொதப்பல். தையல்காரரான என் பாட்டியின் கைகளை ஒன்பது வருடமாக எடுத்துவருகிறேன். அன்று எனக்குக் கொடுத்தது அரை மணி நேரம். நான் கொண்டுபோனது 140 படங்கள். படத்துக்கு 13 விநாடிகூட வராது என்ற கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் என்ன லென்ஸ், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று விளக்கிக்கொண்டே போனேன். ஐம்பதாவது படத்தில் முன்வரிசைக்காரர் மடியில் ஃபோன் வெளிச்சம் தெரிந்தது. நேரம் முடிந்தபோது கடைசி இரண்டு வருடப் படங்கள் திரைக்கே வரவில்லை. அந்தத் தொடரின் உயிரே அந்தப் படங்கள்தான்.

புத்தகமாக இருந்தால் வாசகர் பின்னால் புரட்டிப் பார்த்துக்கொள்வார். கண்காட்சியில் பிடித்த படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்பார், பிடிக்காததைத் தாண்டிப் போவார். பேச்சில் ரிமோட் உங்கள் கையில் இருக்கிறது. எதை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வந்தவை.

படி 1: ஏன் திரும்பத் திரும்பப் போனீர்கள்?

படங்களைத் திறக்கும் முன் ஒரு தாளில் ஒரே வரி எழுதுங்கள். "பாட்டியின் கைகள்" என்று எழுதினால் அது வெறும் தலைப்பு. "தைப்பதை நிறுத்திய பிறகு அந்தக் கைகள் என்ன செய்கின்றன என்று பார்க்கப் போனேன்" என்பது காரணம். எனக்கு அந்த வரி கிடைக்க மூன்று நாள் ஆனது. அது கிடைத்ததும் 140 படங்களில் பாதி தானாகவே விலகிக்கொண்டது.

படி 2: குறையுங்கள், மறுபடியும் குறையுங்கள்

எத்தனை படம் காட்டலாம் என்பதற்கு ஒரே விடை கிடையாது. டோக்கியோவில் 2003-இல் தொடங்கிய பெச்சகுச்சா என்ற பேச்சு முறையில் 20 படங்கள், ஒவ்வொன்றும் 20 விநாடி, மொத்தம் 6 நிமிடம் 40 விநாடி. படம் தானாக மாறிவிடும், பேசுபவர்தான் அதோடு ஓட வேண்டும். இதற்கு நேர்மாறாக, அமெரிக்கப் புகைப்படக்கலைஞர் நான் கோல்டின் (Nan Goldin) தன் நண்பர் வட்டத்தின் வாழ்க்கையைக் கிட்டத்தட்ட 700 ஸ்லைடுகளாக முக்கால் மணி நேரம் ஓட்டினார். படத்துக்குச் சுமார் நான்கு விநாடிதான். ஆனால் அங்கே பேச்சே கிடையாது, பாட்டு மட்டும் ஓடும். ஆகவே, நீங்கள் பேசப்போகிறீர்களா, ஓடவிடப்போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பேசுவதென்றால் இருபது நிமிடத்துக்கு 30 முதல் 35 படங்கள் போதும். என்னைக் கேட்டால் அதுவே கொஞ்சம் அதிகம்.

தேர்வைக் கணினியில் செய்யாதீர்கள். மலிவான சின்னச் சின்னப் பிரிண்டுகளாகப் போட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படங்கள் இருந்தால் ஒன்றைத் திருப்பிக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் வந்து பார்க்கும்போது கவிழ்த்ததில் எது நினைவுக்கு வருகிறதோ அதை மட்டும் நிமிர்த்துங்கள். வராதவை போகட்டும்.

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து கஷ்டப்பட்டு எடுத்த படமாக இருக்கும். அந்தக் கஷ்டம் திரையில் தெரியாது, தூக்கிவிடுங்கள். இன்னொரு பக்கம், முதல் வருடம் எடுத்த ஃபோகஸ் தவறிய படம் ஒன்று கதையைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். வெட்கப்படாமல் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: காலத்தைக் கண்ணுக்குக் காட்டுங்கள்

நீண்டகாலத் தொடரின் பலம் காலம் ஒன்றுதான். அதை வாயால் சொன்னால் எடுபடாது. அமெரிக்கப் புகைப்படக்கலைஞர் நிக்கலஸ் நிக்ஸன் 1975-இல் தொடங்கித் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கறுப்பு வெள்ளையில் எடுத்து வெளியிட்டார். நால்வரும் நிற்கும் வரிசை மாறவே மாறாது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 2014-இல் அவற்றில் 40 வருடப் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டன. வரிசை மாறாமல் இருப்பதால்தான் முகங்கள் மாறுவது கண்ணில் படுகிறது. "காலம் ஓடிவிட்டது" என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் தொடரில் அவ்வளவு கட்டுப்பாடு இருக்காது, பரவாயில்லை. மாறாத ஒரு பொருளைத் தேடுங்கள்: ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி. என்னிடம் முதல் வருடத்துப் படம் ஒன்று உண்டு. பாட்டி பெரிய கத்தரிக்கோலால் துணி வெட்டுகிறார். கட்டைவிரல் அந்த வளையத்துக்குள் இறுகப் பதிந்திருக்கிறது. ஏழாம் வருடம் அதே மேசை, அதே கத்தரிக்கோல். மாத்திரை அட்டையின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார். வளையத்துக்குள் விரல் தொளதொளவென்று நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை, அரங்கில் சின்னதாக ஒரு "ச்சு" கேட்டது.

எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் முன்னும் பின்னும் தாவினால் வருடத்தைப் படத்தின் மூலையில் சின்னதாகப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பார்ப்பவர் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார், படத்தைப் பார்க்க மாட்டார்.

படி 4: ஸ்லைடு தயாரிப்பு

பின்னணி கறுப்பு. ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம். படம் சுழன்று வருவது, உருண்டு போவது எல்லாம் வேண்டாம்.

நெட்டுவாக்குப் படங்கள்தான் தொல்லை. பல புரொஜெக்டர்களின் திரை அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 பிக்ஸல். வழக்கமான 3-க்கு 2 விகிதத்தில் கிடைமட்டமாக எடுத்த படம் அந்தத் திரையில் 84 சதவீதத்தை நிரப்பும். அதே படத்தை நெட்டுவாக்கில் எடுத்திருந்தால் 37.5 சதவீதம்தான். பாதிக்கும் கீழே! அதற்காகத் தலையை வெட்டிக் கிடைமட்டமாக்கிவிடாதீர்கள். நெட்டுவாக்குப் படங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 1440 பிக்ஸல் போக நடுவில் இடைவெளிக்கும் இடம் மிஞ்சும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம் என்ற விதியை மீறலாம் என்று நான் சொல்வது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

படங்களை எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற வழக்கமான வண்ண அமைப்பில் சேமியுங்கள். அடோபி ஆர்ஜிபி (Adobe RGB) என்ற இன்னொரு வண்ண அமைப்பில் விட்டால் சில மென்பொருள்களில் தோலின் நிறம் வெளுத்துச் சோகை பிடித்ததுபோல் தெரியும்.

படி 5: முதலில் படம், பிறகு பேச்சு

இதை மட்டும் செய்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். படம் மாறியதும் நான்கு விநாடி வாயைத் திறக்காதீர்கள். புதுப் படம் வந்தவுடன் பார்ப்பவரின் கண் அதில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் சொல்வது காதில் ஏறாது. மேடையில் அந்த நான்கு விநாடி நாற்பதுபோல் நீளும், மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

பேசும்போது திரையில் தெரிவதைத் திரும்பச் சொல்லாதீர்கள். "இங்கே பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்" என்றால், அதுதான் தெரிகிறதே! சட்டகத்துக்கு வெளியே இருந்ததைச் சொல்லுங்கள். அன்று பாட்டி என்னோடு சண்டை போட்டு ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தார் என்பது படத்தில் கிடையாது. அதைக் கேட்டதும் மடக்கி வைத்த அந்தக் கைகளை எல்லோரும் இன்னொரு முறை பார்ப்பார்கள்.

எல்லாப் படத்துக்கும் ஒரே அளவில் பேசவும் வேண்டாம். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஆறு படங்களைப் பேசாமலே நகர்த்தலாம். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நடுவில் தடுமாறினால் பரவாயில்லை, தாளைப் பார்த்து வாசிப்பதைவிட அது மேல். வீட்டில் கடிகாரம் வைத்து மூன்று முறை சத்தமாகப் பேசிப் பாருங்கள். மனசுக்குள் ஒத்திகை பார்த்தால் நேரம் எப்போதும் குறைவாகவே காட்டும்.

படி 6: படத்தில் இருப்பவரைக் கேளுங்கள்

எடுக்கச் சம்மதித்தவர், நூறு பேர் முன்னால் காட்டவும் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வரிசை முடிவானதும் பாட்டியிடம் லேப்டாப்பில் காட்டினேன். கையில் ஊசி குத்தியிருந்த படம் வந்ததும், "இது வேணாம்டா, பாவம்னு பார்ப்பாங்க" என்றார். எனக்கு மிகவும் பிடித்த படம் அது. எடுத்துவிட்டேன். உயிரோடு இல்லாதவர்களின் படமென்றால் குடும்பத்தாரிடம் கேளுங்கள்.

படி 7: அரங்குக்கு ஒரு மணி நேரம் முன்னதாக

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. ஒளியைத்தான் வீச முடியும். ஆகவே விளக்கெரியும் அரங்கில் வெள்ளைத் திரை எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறதோ, அதுதான் உங்கள் படத்தின் 'கறுப்பு'. நிழலில் இருக்கும் நுணுக்கமெல்லாம் அதில் கரைந்துபோகும். இருக்கும் படங்களிலேயே மிக இருட்டான படத்தை முதலில் போட்டுப் பாருங்கள். திரைக்குப் பக்கத்து விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். புரொஜெக்டர் பளீரென்ற பயன்முறையில் இருந்தால் சினிமா பயன்முறைக்கு மாற்றுங்கள். அப்படியும் இருட்டாகத் தெரிந்தால் கொஞ்சம் வெளுப்பாக்கிய பிரதி ஒன்று கையில் இருக்கட்டும்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை: சொந்த அடாப்டர், பென் டிரைவில் பிடிஎஃப் பிரதி, லேப்டாப்பில் அறிவிப்புகளை நிறுத்துவது, சார்ஜர். படமில்லாமல் பேச நினைக்கும் இடத்தில் பவர்பாயின்ட்டிலும் கீநோட்டிலும் ஆங்கில 'பி' விசையை அழுத்தினால் திரை கறுப்பாகும். மறுபடி அழுத்தினால் படம் வந்துவிடும்.

படி 8: கேள்வி நேரம்

"நன்றி" என்று பெரிய எழுத்தில் ஒரு ஸ்லைடு போடாதீர்கள். கடைசிப் படம் அப்படியே திரையில் நிற்கட்டும், நன்றியை வாயால் சொல்லுங்கள். "என்ன கேமரா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு கை தூக்கிய அடுத்தவரைக் காட்டுங்கள். கேள்விகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ள நண்பர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேடையில் நிற்பவருக்கு எதுவும் நினைவில் தங்காது.

என் இரண்டாவது பேச்சில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "முதல்ல மோதிரம் போட்டிருந்தாங்களே, அது எங்கே போச்சு?" திரையில் இருந்த கையைப் பார்த்தேன். மோதிரம் இல்லை. ஒன்பது வருடம் எடுத்த எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. வீட்டுக்கு வந்து பாட்டியைக் கேட்டேன். "விரல் இளைச்சுப்போச்சு, கழண்டு விழுதுன்னு கழட்டி வெச்சிருக்கேன்" என்று பொத்தான் டப்பாவைத் திறந்து காட்டினார். அந்த டப்பாதான் இப்போது என் 31-வது ஸ்லைடு.