பழைய கம்ப்யூட்டருக்குள் பெயர் தெரியாத கார்டு: கண்டுபிடிப்பது எப்படி?

பழைய கம்ப்யூட்டரைத் திறந்தால் எதற்கென்றே புரியாத கார்டு ஒன்று உள்ளே இருக்கும். கம்பெனிப் பெயரும் இருக்காது, மாடல் எண்ணும் இருக்காது. அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் பெரும்பாலும் கார்டே சொல்லிவிடும்.

படி 1: முதலில் படம் எடுங்கள்

பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, கேபிள்கள் எந்தப் பக்கமாகச் செருகியிருக்கின்றன, ஜம்பர்கள் (பின்களை இணைக்கும் சின்னத் தொப்பிகள்) எந்த நிலையில் இருக்கின்றன என்று தெளிவாகப் படம் எடுங்கள். அப்புறம் கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, கார்டை ஓரமாகப் பிடித்து வெளியே எடுங்கள்.

படி 2: அடியில் உள்ள முனைகள்

பக்கத்துக்கு 31 வீதம் 62 முனைகள் மட்டும் இருந்தால் 8 பிட் ஐஎஸ்ஏ என்ற பழைய ஸ்லாட் வகை. 1981இல் ஐபிஎம் பிசியுடன் வந்த வடிவம். பக்கத்திலேயே 36 முனைகளுடன் இன்னொரு துண்டும் இருந்தால் 16 பிட் ஐஎஸ்ஏ. முனைகள் மெல்லியதாக, நெருக்கமாக இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பின் வந்த பிசிஐ.

படி 3: இணைப்புகள்

மூன்று வரிசையில் 15 துளைகள் என்றால் விஜிஏ, அதாவது மானிட்டருக்கான டிஸ்ப்ளே கார்டு. இரண்டு வரிசையில் 15 என்றால் ஜாய்ஸ்டிக் போர்ட். ஆனால் அதில் நகரும் பூட்டு இருந்தால் அது பழைய ஈதர்நெட், அதாவது நெட்வொர்க் கார்டு. 9 ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் சீரியல் போர்ட் (பழைய மவுஸ், மோடம் செருகுவது). 9 துளைகள் என்றால் விஜிஏவுக்கு முந்தைய டிஸ்ப்ளே கார்டாக இருக்கலாம். உள்பக்கம் 34 பின் ஃப்ளாப்பிக்கு, 50 பின் பெரும்பாலும் ஸ்கஸிக்கு (டிஸ்க் போன்றவற்றை இணைக்கும் ஒரு முறை). 40 பின்னைப் பார்த்ததும் ஐடிஇ (ஹார்ட் டிஸ்க் இணைப்பு) என்று முடிவு கட்டாதீர்கள். பழைய சவுண்ட் கார்டுகளில் சிடி டிரைவுக்கென்றே தனி 40 பின் இணைப்பு உண்டு.

படி 4: கிரிஸ்டல்

புதியவர்கள் பெரிய சிப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் கிரிஸ்டல் என்ற சின்ன உலோகப் பெட்டியைப் பாருங்கள். அதன் மேல் அதிர்வெண் மெகாஹெர்ட்ஸில் அச்சாகியிருக்கும். 25.175, 28.322 இரண்டும் சேர்ந்திருந்தால் விஜிஏ. 1.8432 என்றால் சீரியல். 20 என்றால் ஈதர்நெட்டாக இருக்க நல்ல வாய்ப்பு. 14.318 மட்டும் எல்லா இடத்திலும் வரும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

படி 5: சிப்புகள்

யமஹா 3812 இருந்தால் அது சவுண்ட் கார்டு. 9234 போன்ற நான்கு இலக்கம் 1992ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தைக் குறிக்கும். 74 எனத் தொடங்கினால் அது தேதி அல்ல, பெரும்பாலும் லாஜிக் சிப்பின் பெயர். ரோம் சிப்பின் (கார்டின் நிரல் பதிந்திருக்கும் சிப்) மேல் ஸ்டிக்கர் இருந்தால் பிய்க்காதீர்கள். அடியில் கண்ணாடி ஜன்னல் இருந்தால் வெளிச்சம் பட்டுப் பட்டு உள்ளே இருப்பது அழிந்துபோகும். எஃப்சிசி ஐடி (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் பதிவு எண்) அச்சாகியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பழைய எண்களில் முதல் மூன்று எழுத்துகள் விண்ணப்பித்த கம்பெனியைக் காட்டும்.

படி 6: செருகும் முன்

டான்டலம் கெபாசிட்டர்கள் வயதானால் ஷார்ட் ஆகிவிடும். ஐஎஸ்ஏ கார்டு என்றால் சாலிடர் பக்கத்தில், பிராக்கெட் முனையிலிருந்து எண்ணினால் 1ஆவது கிரவுண்ட், 3ஆவது 5 வோல்ட், 9ஆவது 12 வோல்ட். கிரவுண்டுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டர் ஓம் நிலையில் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் செருக வேண்டாம்.

சரியாக இருந்தால் செருகி, பழைய இயங்குதளமான டாஸில் டீபக் (DEBUG) என்ற நிரல் மூலம் ரோமைப் படியுங்கள். விஜிஏ கார்டு என்றால் சி000 செக்மென்ட் (நினைவகத்தில் ரோம் தொடங்கும் இடம்). அங்கே ஐபிஎம் என்று தெரிந்தாலும் அது ஐபிஎம் தயாரிப்பு என்று நம்பிவிடாதீர்கள். பொருத்தத்துக்காக மற்ற கம்பெனிகளும் அந்த எழுத்துகளை அங்கே வைத்தன. அதைத் தாண்டிக் கீழே வரும் பதிப்புரிமை (காப்பிரைட்) வரியைத் தேடுங்கள்.