மருத்துவ ஆய்வாளர் தொழில்துறையோடு சேர அரச நிதி: யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பிக்கும் முறை

இலங்கையின் தேசிய ஆராய்ச்சிப் பேரவை, பல்கலைக்கழக ஆய்வாளரும் தனியார் கம்பனியும் சேர்ந்து செய்யும் ஆய்வுக்கென்றே நிதித் திட்டம் வைத்திருக்கிறது. விண்ணப்ப அழைப்பு வந்தபின் கம்பனி தேடினால் காலம் போதாது. யாழ். பல்கலைக்கழகத்தின் தொழில்துறை இணைப்பு அலகில் இப்போதே போய்க் கதையுங்கள்.

கம்பனியின் கடிதம்தான் விண்ணப்பத்தின் உயிர்நாடி. “ஆதரவு வழங்குவோம்” என்ற ஒற்றை வரி எடுபடாது. நீரிழிவுப் புண்ணுக்கு புது மருந்துக்கட்டு தயாரிக்கும் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம்: எந்த இயந்திரம், வாரத்தில் எத்தனை மணித்தியாலம், மேற்பார்வை யார், இலவசமாகத் தரும் மூலப்பொருளின் பெறுமதி என்ன என்று எழுதி வாங்குங்கள். நீங்கள் தொழிற்சாலையில் நிற்கும் மாதங்களில் விரிவுரையையும் வார்ட்டையும் யார் பார்ப்பார் என்று துறைத் தலைவரின் கடிதமும் வேண்டும். பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

நோயாளியின் இரத்தமோ தரவோ தொடுவதற்கு முன்பே மருத்துவ பீட நெறிமுறைக் குழுவின் அனுமதி எடுங்கள். சேகரித்தபின் கேட்டால் கிடைக்காது.

புலமைச் சொத்து, அதாவது கண்டுபிடிப்பின் உரிமை, யாருக்கு எத்தனை வீதம் என்பதைக் கையொப்பத்துக்கு முன்பே முடியுங்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்க முந்தியே ஆய்வுக் கட்டுரை வெளிவந்தால் ஐரோப்பாவில் காப்புரிமை கிடைக்காது.

இறக்குமதிப் பொருளுக்குச் சுங்கவரி, டொலர் ஏற்றம், கொழும்பிலிருந்து குளிர்பெட்டியில் கொண்டுவரும் செலவு மூன்றையும் வரவுசெலவில் தனித்தனிச் செலவாகக் காட்டுங்கள்.