கயிறு கட்டும்போதுதான் தெரியும்: மாதிரிப் பாய்க்கப்பலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலகை ஒட்டி, அரத்தாள் தேய்த்து, வார்னிஷ் பூசி, கப்பலின் உடல் அழகாக மேசையில் நிற்கும். இனிக் கயிறு கட்டுவது மட்டும்தான் மிச்சம், ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். மரத்தில் பாய்க்கப்பல் மாதிரி செய்கிறவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் இருபாய்மரக் கப்பல் ஒன்று இரண்டு வருடம் அரைகுறைக் கயிற்றோடு நின்றது. ஒரு கயிற்றை இறுக்கினால் மற்றது தொய்ந்தது. சில கயிறுகளுக்குப் போய்ச் சேர இடமே இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் அறுத்தெடுத்து முதலிலிருந்து கட்டினேன். அப்போது ஒவ்வொரு பிழையாகத் தேடிப் பார்த்தேன். துளை போடாமல் விட்ட இடம், அவசரப்பட்டு ஒட்டிய பாய்மரம், கோணம் பார்க்காமல் அடித்த இரும்புப் பட்டை. பெரும்பாலானவை நான் நூலைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்து முடிந்தவை.

முதலில் நூலின் தடிப்பு. பழைய கப்பல்களின் அளவு அட்டவணைகளில் ஆறு அங்குலக் கயிறு, எட்டு அங்குலக் கயிறு என்று எழுதியிருப்பார்கள். அந்த அளவு கயிற்றின் சுற்றளவு. அதை விட்டம் என்று எடுத்துக்கொள்வது மிகப் பெரிய பிழை, மிகச் சாதாரணமாக நடக்கும் பிழையும் அதுதான். ஆறு அங்குலச் சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம் ஏறத்தாழ 1.9 அங்குலம், அதாவது 48 மில்லிமீற்றர் சொச்சம். அறுபத்து நான்கில் ஒரு பங்கு அளவில் செய்கிற மாதிரியில் அது 0.76 மில்லிமீற்றர் நூல். ஆறு அங்குலமே விட்டம் என்று கணக்குப் போட்டால் 2.4 மில்லிமீற்றர் வரும். அந்த நூல் எந்தக் கப்பித் துளையிலும் நுழையாது. நுழையவில்லை என்று துளையைப் பெருப்பித்தால் கப்பி பிளக்கும். பிறகு பெரிய கப்பி தேடுவோம், அது பருமலில், அதாவது பாயைத் தாங்கும் குறுக்குக் கழியில், பலாக்காய் தொங்கினதுபோல இருக்கும். நூலின் தடிப்பை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு பென்சிலில் இருபது சுற்று நெருக்கமாகச் சுற்றி, சுற்றிய நீளத்தை அடிமட்டத்தால் அளந்து இருபதால் வகுத்தால் போதும்.

நூலின் வகையும் முக்கியம். எங்கள் ஊரில் கையெட்டும் தூரத்தில் கிடைப்பது தங்கூசி, அதாவது நைலோன் மீன்பிடி நூல். வலைக்கு அதைப்போல ஒன்றில்லை. மாதிரிக் கப்பலுக்கு அது வேண்டாம். பளபளக்கும், முடிச்சு வழுக்கும், பசை பிடிக்காது, இழுத்தால் நீண்டு கொடுக்கும். பருத்தி நூல் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பஞ்சு நூலாம்படைபோல எழுந்து நிற்கும். தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்தெடுத்தால் படியும். மெழுகு அதிகமானால் எங்கள் வெக்கைக்கு இளகித் தூசியைச் சேர்த்துக்கொள்ளும், கவனம்.

பருத்திக்கும் சணலுக்கும் இன்னொரு குணம் உண்டு. முறுக்கிய இயற்கை நூல் ஈரத்தைக் குடித்தால் புடைத்து, நீளத்தில் சுருங்கும். காய்ந்தால் தளரும். மட்டக்களப்பில் இது சும்மா ஏட்டு விசயம் இல்லை. கச்சான் வீசுகிற ஆனி, ஆடியில் வீணை நரம்புபோல இறுக்கிக் கட்டிய கப்பல், ஐப்பசி கார்த்திகை மழையில் தானாகவே இன்னும் இறுகும். பாய்மர நுனி வளையும், வளைய ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். மாரியில் இறுக்கிக் கட்டினது கோடையில் தொங்கும். அதனால் நிலையாக நிற்கும் கயிறுகளுக்கு நான் இப்போது பொலியெஸ்டர் நூல்தான் எடுக்கிறேன். அது ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது. பருத்திதான் வேண்டும் என்றால், நேராக நிற்கும் அளவுக்கு மட்டும் இழுத்து விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

சரி, நூலுக்கு முன்னால் செய்யவேண்டிய வேலைகளுக்கு வருவோம். பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துகிற கயிறுகளை ஷ்ரவுட் என்பார்கள். பக்கக் கயிறு என்றே சொல்கிறேன். இது மேலே பாய்மரத் தலையிலிருந்து இறங்கி, கீழே மூன்று துளை போட்ட வட்டக் கட்டையில் முடியும். அதற்கு டெட்ஐ என்று பெயர். அதற்குக் கீழே இன்னொரு டெட்ஐ இருக்கும். கீழ் டெட்ஐயைக் கப்பலின் விலாவோடு பிடித்து வைத்திருப்பது ஓர் இரும்புப் பட்டை அல்லது சங்கிலி. பலர் இந்தப் பட்டைகளை எல்லாம் நேர் குத்தாக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக அடித்துவிடுகிறார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் பக்கக் கயிறுகள் மேலே ஒரே இடத்திலிருந்து விசிறிபோல விரிந்து வருகின்றன. பின்னால் போகப்போகச் சாய்வு கூடும். பட்டை அந்தச் சாய்வின் தொடர்ச்சியாக இருக்கவேண்டும். இல்லையென்றால் கயிறு ஒரு திசையில் இழுக்க, பட்டை வேறு திசையில் நிற்கும். டெட்ஐ கோணலாகும், ஆணி கழரும்.

இதைத் தவிர்ப்பது சுலபம். உடலில் எதையும் ஆணி அடிப்பதற்கு முன் பாய்மரத்தை ஒட்டாமல் அதன் குழியில் நிறுத்துங்கள். பக்கக் கயிறு தொடங்கும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி, அதை ஒவ்வொரு டெட்ஐ இடத்தின் வழியாகவும் விலாவரை நேராக இழுத்துப் பாருங்கள். நூல் தொடும் இடத்தில் பென்சில் புள்ளி. ஆணி போகவேண்டிய இடம் அதுதான். அந்தக் கோடு ஏதாவது பீரங்கி வாசலுக்குக் குறுக்கே போனால் அதுவும் இப்போதே தெரிந்துவிடும், டெட்ஐயைச் சற்றே முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளலாம். அரை மணித்தியால வேலை இது. நான் அதைச் செய்யாமல் விட்டதால் கப்பல் இரண்டு வருடம் காத்திருந்தது.

வளைய ஆணிகளும் அப்படித்தான். தளத்திலும் பாய்மர அடியிலும் எத்தனை வளையம், கயிற்றைச் சுற்றிக் கட்ட எத்தனை முளை என்பதைப் படத்தைப் பார்த்து எண்ணி, துளைகளை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். இருபது கயிறு கட்டினபிறகு அந்தக் காட்டுக்குள் துளைக்கருவியை நுழைப்பது பெரும்பாடு. பித்தளைக் கம்பியை வளைத்துச் செய்த வளையத்தை வெறும் பசையில் நம்பவேண்டாம். இயலுமான இடங்களில் கம்பியைப் பலகையின் மறுபக்கம் வரை விட்டு மடக்கிவிடுங்கள். தளத்தை மூடுவதற்கு முன் இதற்கும் யோசனை வேண்டும்.

பருமல்களிலும் பாய்மரத் தலையிலும் வருகிற கப்பிகளைப் பாய்மரம் கையில் இருக்கும்போதே கட்டிவிட வேண்டும். மேசையில் வைத்துக் கட்டினால் ஐந்து நிமிடம் எடுக்கிற கப்பி, கப்பலில் ஏறினபிறகு ஒரு மாலைப்பொழுதைத் தின்னும்.

கப்பியைப் பற்றி இன்னொன்று. பெட்டியில் வருகிற சிறு கப்பிகளில் துளை நடுவில் இராது, ஒரு முனைக்குக் கிட்ட இருக்கும். பலர் இதைக் கவனிக்காமல் தலைகீழாகக் கட்டிவிடுகிறார்கள். எங்கள் வளவுக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பி மேலே தொங்குகிறது, கயிறு அதன் உருளையின் மேற்புறமாகப் போய் மறுபக்கம் இறங்குகிறது. அதாவது கயிறு போகிற இடைவெளி, கப்பி தொங்கவிடப்பட்ட பக்கத்தில் இருக்கிறது. மாதிரியிலும் துளை, கப்பியைக் கட்டிவைத்திருக்கும் முனைக்குக் கிட்ட வரவேண்டும். மறுபுறம் வந்தால் கயிறு மரத்துண்டில் குத்தித் தொங்குவதுபோல இருக்கும். கப்பல் தெரிந்தவர் கண்ணில் உடனே படும். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு துளையையும் நுண்ணிய துளைமுனையால் ஒருதரம் துப்புரவாக்கினால் நூல் சிக்காது.

டெட்ஐ வரிசை கப்பலின் முகம் மாதிரி. மேல் டெட்ஐகள் ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் நின்றால் மற்ற வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கண் அங்கேயே போகும். கையால் மட்டம் பார்த்துக் கட்டுவது சரிவராது. ஒரு பித்தளைக் கம்பியை ‘ப’ வடிவில் வளைத்து, ஒரு காலைக் கீழ் டெட்ஐயின் துளையிலும் மற்றதை மேல் டெட்ஐயின் துளையிலும் செருகினால் இடைவெளி தானாக நிற்கும். அந்த நிலையில் பக்கக் கயிற்றை மேல் டெட்ஐயைச் சுற்றி மடித்துக் கட்டி, பிறகு கம்பியை உருவிவிட்டு, இரண்டு டெட்ஐகளையும் இணைக்கும் இடைக்கயிற்றைக் கோக்கலாம். படத்தில் உள்ள இடைவெளிக்கு ஒரு கம்பி செய்துவைத்தால் அந்த வரிசை முழுக்க அதுவே போதும். இடைக்கயிற்றை ஒரு டெட்ஐயில் முழுதாக இறுக்கி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதும் பிழை. எல்லாவற்றையும் தளர்வாகக் கோத்து, கடைசியில் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும்.

பக்கக் கயிறுகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரே கயிறு பாய்மரத் தலையைச் சுற்றி வந்து ஒரு சோடியாகும். வலப்பக்க முன் சோடி முதலில், அதன்மேல் இடப்பக்க முன் சோடி, அப்படியே மாறி மாறிப் பின்னுக்கு. முன்னும் பின்னும் இழுக்கும் ஸ்டே கயிறுகள் அதற்குப் பிறகுதான், பக்கக் கயிறுகளின் மேலாகத் தலையில் அமரும். முன் ஸ்டேயை முதலில் கட்டி இறுக்கினால் பாய்மரம் அணியத்தை, அதாவது கப்பலின் முன்பக்கத்தை, நோக்கிக் குனியும், பிறகு எதைக்கொண்டும் நிமிர்த்த முடியாது. அணியத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கழியைக் கீழிருந்து பிடிக்கும் கயிறும் ஸ்டேக்கு முன்னால் வரவேண்டும், இல்லாவிட்டால் ஸ்டே அந்தக் கழியை மேலே தூக்கிவிடும். ஒவ்வொரு கயிறு முடிந்ததும் முன்னாலும் பக்கத்திலும் நின்று பாய்மரத்தைப் பாருங்கள்.

பாயையும் பருமலையும் இயக்க இழுக்கிற ஓடும் கயிறுகளில், நடுவிலிருந்து வெளியே, கீழிருந்து மேலே. பாய்மர அடியில் உள்ள முளைகளுக்குப் போகும் கயிறுகள் முதலில், விளிம்பு முளைகளுக்குப் போவது பிறகு. விளிம்பை முதலில் முடித்தால் உள்ளே கை போகாது. சாமணமும் போகாத இடத்துக்கு ஒரு தடித்த தையல் ஊசியின் காது நுனியை உடைத்துப் பாருங்கள், சிறு கவை கிடைக்கும். நூலைத் தள்ள அதைவிட நல்ல கருவி நான் காணவில்லை.

பக்கக் கயிறுகளின் குறுக்கே ஏணிப்படிபோல வருகிற மெல்லிய கயிறுகளுக்கு நிறையப் பொறுமை வேண்டும். உண்மைக் கப்பலில் படிக்கும் படிக்கும் இடையில் 13 முதல் 15 அங்குலம். அறுபத்து நான்கில் ஒரு பங்கில் அது 5 முதல் 6 மில்லிமீற்றர். ஒரு வெள்ளை அட்டையில் அந்த இடைவெளிக்குக் கோடு போட்டுப் பக்கக் கயிறுகளுக்குப் பின்னால் வையுங்கள். கோடுகள் நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும். நடுக்கயிறுகளில் போடுவது இரட்டைச் சுருக்கு. நாவலடிக் கரையில் வலை பொத்துகிற பெரியவர்களின் விரலைப் பார்த்திருந்தால் தெரியும், முடிச்சை அவர்கள் இழுப்பதில்லை, படியவிடுகிறார்கள். இங்கேயும் அதுதான். ஒவ்வொரு முடிச்சையும் சற்றே அதிகம் இழுத்தால்கூட, நாற்பது படி முடியும்போது பக்கக் கயிறுகள் நடுவில் ஒடுங்கி உடுக்கைபோல ஆகிவிடும். ஐந்து படிக்கு ஒருதரம் எட்ட நின்று பாருங்கள். ஒடுங்கத் தொடங்கினால் அந்த ஐந்தையும் வெட்டிவிடுங்கள். மனம் வலிக்கும், ஆனால் வேறு வழியில்லை.

பசை விசயத்தில் கண்டிப்பாக ஒன்று சொல்வேன். முடிச்சுகளுக்குச் சுப்பர் குளூ வேண்டாம். நூலைக் கம்பியாக்கிவிடும், கறுத்த நூலில் வெள்ளைப் பூஞ்சணம்போலப் படலம் விடும். ஈரக் காற்றில் அந்தப் படலம் இன்னும் மோசம். முடிச்சுக்கு வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, தூரிகை நுனியால் ஒரு துளி தொட்டால் போதும். காய்ந்தால் தெரியாது, பிழையென்றால் மறுபடி நனைத்து அவிழ்க்கலாம். சுப்பர் குளூ உதவுகிற ஓர் இடம் உண்டு. நூலின் நுனியை அதில் தோய்த்துக் காயவிட்டுச் சரிவாக வெட்டினால் ஊசி இல்லாமலே துளையில் நுழையும்.

எந்தக் கப்பலைச் செய்கிறோம் என்பதும் கயிற்றைத் தீர்மானிக்கும். மட்டக்களப்புக் கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் ஒல்லாந்தர் கப்பல் செய்யவேண்டும் என்று கேட்பார்கள். 1602 மே மாத முடிவில் ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பேர்கன் இந்தக் கரைக்கு வந்த காலத்துக் கப்பலுக்கு, இருநூறு வருடம் பிந்திய கப்பலின் கயிற்றுப் படத்தை வைத்துக் கட்டக்கூடாது. அப்போது பின்பாய்மரத்தில் முக்கோணப் பாய், அணியத்துக் கழியின் கீழே ஒரு சதுரப் பாய். பருமலின் மேல் பாயைக் கட்டும் இரும்புக் கம்பி 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. முதல் கப்பலுக்கு நான் சொல்வது எங்கள் பக்கத்துக் கப்பல்தான். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை பாயிலே போய்ச் சேர்ந்த அன்னபூரணி. 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். அறுபத்து நான்கில் ஒரு பங்கில் உடல் 42 சென்ரிமீற்றர் சொச்சம், ஒரு மேசைக்கு அடங்கும். மூன்று பாய்மரப் போர்க்கப்பலைவிடக் கயிறும் எவ்வளவோ குறைவு.

கயிறெல்லாம் முடிந்தபிறகும் கடற்காற்று சும்மா இருக்காது. பித்தளை வளையங்கள் பச்சை பிடிக்கும். பற்றவைத்த இடத்தில் ரசாயனக் கழிவு மிச்சமிருந்தால் அங்கேதான் தொடங்கும், அதனால் கறுப்புப் பூசுவதற்கு முன் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். ஈயம் கலந்த வார்ப்பு உருப்படிகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மரத்திலிருந்தும் புது வர்ணத்திலிருந்தும் வெளிவருகிற அமில ஆவி, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் தங்கி, ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். என் பெட்டியின் அடிப்பலகையில் பின்பக்கமாக நான்கு துளை போட்டு, நுளம்புவலைத் துண்டு ஒட்டியிருக்கிறேன். காற்று போய்வரும், பூச்சி வராது.